ஏ.ஐ. ஸ்மார்ட் கண்ணாடி: வாங்கும் முன் சில விஷயங்கள்

கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்ற பின்னர், அடுத்து என்ன வாங்கலாம் என்ற எண்ணம் எழுவது இயற்கை. முன்பெல்லாம் அது பிரிண்டராகவோ வெப் கேமராவாகவோ இருக்கும். இப்போது பலரும் கேட்பது ஏ.ஐ. ஸ்மார்ட் கண்ணாடி பற்றித்தான். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும், ரேபான் கண்ணாடிகளைத் தயாரிக்கும் எஸ்ஸிலார் லக்ஸோட்டிகாவும் சேர்ந்து உருவாக்கிய ரேபான் மெட்டா கண்ணாடி, 2025 மே மாதம் இந்தியாவில் 29,900 ரூபாய் தொடக்க விலையில் விற்பனைக்கு வந்தது. இது ஏறத்தாழ ஒரு சாதாரண லேப்டாப்பின் விலை. அவ்வளவு பணம் கொடுத்து மூக்கின் மேல் எதை மாட்டிக் கொள்ளப் போகிறோம் என்று முதலில் பார்ப்போம்.

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது?

பார்வைக்கு இது வழக்கமான கூலிங் கிளாஸ் போலத்தான் இருக்கும். பிரேமின் ஒரு மூலையில் 12 மெகா பிக்ஸல் கேமரா, மறு மூலையில் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கு. காதுக்கு மேல் வரும் தண்டுகளில் இரண்டு ஸ்பீக்கர்கள், பிரேமில் மொத்தம் ஐந்து மைக்குகள், போட்டோக்களைப் பதிய 32 ஜி.பி. ஸ்டோரேஜ், குவால்காம் நிறுவனத்தின் ஸ்நாப்டிராகன் ஏ.ஆர்.1 சிப், பேட்டரி. இத்தனையும் சேர்த்து எடை சுமார் 50 கிராம். ஸ்பீக்கர் காதுக்குள் செல்லாது; காதை நோக்கி ஒலியைச் செலுத்தும். எனவே தெருவில் நடக்கும்போது பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் கேட்கும். இது நல்ல ஏற்பாடு.

இதில் திரை கிடையாது. விளம்பரங்களைப் பார்த்து, கண் முன்னே எழுத்துக்கள் மிதக்கும் என்று நினைத்து வாங்கியவர்கள் உண்டு. இந்த மாடலில் எல்லாம் குரல் வழிதான். நீங்கள் கேட்க வேண்டும். அது காதில் பதில் சொல்லும்.

எப்படி வேலை செய்கிறது?

கம்ப்யூட்டரில் கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாம் வெளியே இருக்கும். கணக்குப் போடுவது சி.பி.யு. என்பது உங்களுக்குத் தெரியும். ஏ.ஐ. கண்ணாடியில் உங்கள் முகத்தில் இருப்பது கீபோர்டும் வெப் கேமராவும் ஸ்பீக்கரும் மட்டுமே. சி.பி.யு. எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கிறது.

ஒரு செடியைப் பார்த்து "இது என்ன செடி?" என்று கேட்கிறீர்கள் என வைத்துக் கொள்வோம். கேமரா ஒரு படம் எடுக்கும். அந்தப் படமும் உங்கள் கேள்வியும் வயர்லெஸ் இணைப்பு மூலம் உங்கள் மொபைல் போனுக்குச் செல்லும். போனில் உள்ள ஆப் அவற்றை இன்டர்நெட் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பும். அங்கு இயங்கும் ஏ.ஐ. மாடல் பதிலைத் தயாரிக்க, அது வந்த வழியே திரும்பி உங்கள் காதில் குரலாக ஒலிக்கும். இதற்கு ஒரு சில விநாடிகள் ஆகும். ஆக, போன் இல்லை என்றாலோ, நெட் கனெக்‌ஷன் இல்லை என்றாலோ, 30,000 ரூபாய் கண்ணாடி வெறும் கேமராவாகி விடும். மலைப் பயணம் செல்லும்போது இதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று. இந்த ஏ.ஐ. மாடல் கோடிக்கணக்கான படங்களையும் எழுத்துக்களையும் கொண்டு பயிற்சி பெற்றது. கேள்விக்குப் பொருத்தமாக எது வரும் என்று கணித்துச் சொல்கிறது. பெரும்பாலும் சரியாகச் சொல்லும். தவறும்போதும் அதே உறுதியான குரலில்தான் சொல்லும், தயங்காது. நண்பர் ஒருவரின் கண்ணாடியை இரண்டு நாட்கள் வாங்கி அணிந்து பார்த்தேன். எந்தக் கம்பெனி என்பது இங்கு முக்கியமில்லை. ஓட்டலின் ஆங்கில மெனுவை அழகாகப் படித்தது. மாத்திரை அட்டையின் பின்புறம் பளபளக்கும் தாளில் அச்சாகியிருந்த காலாவதி மாதத்தைக் கேட்டபோது, இரண்டு முறை இரண்டு வேறு மாதங்களைச் சொன்னது. மருந்து, பணம், மின்சாரம் இந்த மூன்று விஷயங்களில் அது சொல்வதை இன்னொரு மனிதரிடம் சரி பார்க்காமல் நம்ப வேண்டாம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இன்டர்நெட் கடைகளில் "ஸ்மார்ட் கண்ணாடி" என்று தேடினால் பல வகையான பொருட்கள் ஒன்றாக வந்து நிற்கும். குழப்பம் இங்குதான் தொடங்குகிறது. விலை குறைந்தவை பெரும்பாலும் ப்ளூடூத் ஹெட்போன் பொருத்திய கண்ணாடிகளே. 2022ல் வந்த டைட்டன் ஐஎக்ஸ் (9,999 ரூபாய்), அதே ஆண்டு வந்த நாய்ஸ் ஐ1 (5,999 ரூபாய்) இந்த வகை. பாட்டு கேட்கலாம், போன் பேசலாம், கேமரா இல்லை. இப்போது இதே வகைப் பொருளின் பெட்டியில் ஏ.ஐ. என்று அச்சிட்டு விற்பவர்களும் இருக்கிறார்கள். பேசினால் போனில் இருக்கும் அசிஸ்டன்ட் திறக்கும், அவ்வளவுதான். கேமரா இல்லாத கண்ணாடி நீங்கள் பார்ப்பதைப் பார்க்காது.

எக்ஸ்ரியல் போன்றவை வேறு. லேப்டாப்பிலோ போனிலோ கேபிள் மூலம் செருகினால் கண் முன்னே பெரிய மானிட்டர் ஒன்று இருப்பது போலத் தோன்றும். சினிமா பார்க்கவும் பயணத்தில் வேலை செய்யவும் நன்று. தெருவில் அணிந்து நடப்பதற்கு அல்ல. ஈவன் ரியாலிட்டீஸ் ஜி1 என்ற கண்ணாடியில் கேமராவே இல்லை. பச்சை நிற எழுத்துக்கள் மட்டும் லென்ஸில் தெரியும். கேமராவும் திரையும் இரண்டும் வேண்டும் என்றால் மெட்டா ரேபான் டிஸ்ப்ளே. 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் 799 டாலருக்கு வெளியானது. மணிக்கட்டில் அணியும் பட்டை ஒன்றும் உடன் வரும். விரலசைவுகளைத் தசைகளின் மின் சைகைகள் மூலம் புரிந்து கொள்கிறது. பொறியியல் படித்தவன் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பட்டைதான். ஆனால் வெளிநாட்டில் இருந்து உறவினர் மூலம் வரவழைக்கும் எண்ணம் இருந்தால், இங்கு சர்வீஸ் யார் செய்வார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கம்பெனி கடையை மூடினால்?

கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனம் காணாமல் போனாலும் உங்கள் கம்ப்யூட்டர் ஓடும். இங்கு அப்படி இல்லை. கூகுள் கிளாஸ் 2013ல் 1,500 டாலருக்கு வந்தது. பொதுமக்களுக்கான விற்பனை 2015 ஜனவரியில் நின்றது. நிறுவனங்களுக்கான பதிப்பும் 2023 மார்ச்சில் முடிந்தது. அதைவிடப் பாடமானது கனடாவின் நார்த் நிறுவனம் விற்ற போக்கல்ஸ் என்ற கண்ணாடியின் கதை. 2020 ஜூனில் அந்த நிறுவனத்தைக் கூகுள் வாங்கியது. ஜூலை 31க்குப் பிறகு, விற்கப்பட்ட கண்ணாடிகளின் ஸ்மார்ட் வசதிகள் எல்லாம் நின்று போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள் என்பது ஆறுதல். ஹ்யூமேன் என்ற நிறுவனம் 699 டாலருக்கு விற்ற, சட்டையில் குத்திக் கொள்ளும் ஏ.ஐ. பின்னும் 2024ல் வந்து, 2025 பிப்ரவரியில் சர்வர் நிறுத்தப்பட்டவுடன் பயனற்றுப் போனது. மூளை சர்வரில் இருக்கும் பொருட்களில் இந்த அபாயம் எப்போதும் உண்டு. பெயர் தெரியாத கம்பெனியின் ஏ.ஐ. கண்ணாடியை நான் வாங்க மாட்டேன்; காரணம் இதுதான்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

பவர் கண்ணாடி அணிபவர் என்றால், முதல் கேள்வி லென்ஸ் பற்றி. ரேபான் மெட்டாவுக்கு மைனஸ் 6 முதல் பிளஸ் 4 வரை பவர் லென்ஸ் கிடைக்கும். அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டும். விளம்பரத்தில் காணும் தொடக்க விலையில் அது சேராது. உங்கள் தெருக் கண்ணாடிக் கடையில் லென்ஸை மாற்றிக் கொண்டால் வாரண்டி நிலைக்குமா என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பிரேமுக்குள் வயரும் பேட்டரியும் ஓடுகின்றன. சாதாரண பிரேமைச் சூடாக்கி வளைப்பது போல இதைச் செய்ய முடியாது.

பேட்டரி, 2023 மாடலில் நிறுவனக் கணக்குப்படி 4 மணி நேரம். 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறையில் 8 மணி நேரம். வீடியோ எடுத்தாலோ ஏ.ஐ.யுடன் தொடர்ந்து பேசினாலோ இது வேகமாகக் குறையும். கண்ணாடியில் சார்ஜர் செருகும் இடம் இல்லை. அதன் பெட்டியில் வைத்தால்தான் சார்ஜ் ஏறும். பெட்டியைத் தொலைத்தால் திண்டாட்டம். உள்ளிருக்கும் பேட்டரியை நாமே மாற்றும் வசதியும் இல்லை. தண்ணீர் விஷயத்தில் ஐ.பி.எக்ஸ்.4 என்று போட்டிருக்கும். வியர்வையும் தூறலும் தாங்கும், குழாயடியில் கழுவக் கூடாது என்று பொருள்.

மொழிதான் நம்மவர்களுக்குப் பெரிய கேள்வி. இந்தியாவில் ஆங்கிலத்துடன் தொடங்கி, 2025 அக்டோபரில் இந்தி அறிவிக்கப்பட்டது. உரையாடலை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி 2025 ஏப்ரலில் பரவலாக வந்தபோது ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிஷ் ஆகிய நான்கு மொழிகளுக்கே இருந்தது. அப்டேட்டுகளில் இப்பட்டியல் மாறிக் கொண்டே இருக்கும் என்பதால் விற்பவர் சொல்வதை ஏற்க வேண்டாம். ஒரு தமிழ் கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். கடையிலேயே கண்ணாடியை மாட்டி, "இதில் முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று தமிழில் கேளுங்கள். வீட்டில் உள்ள பெரியவருக்காக வாங்குகிறீர்கள் என்றால், அவரையே கேட்கச் சொல்லுங்கள்.

எங்கே கழற்ற வேண்டும்?

படமோ வீடியோவோ எடுக்கும்போது அந்த எல்.இ.டி. விளக்கு எரியும். அதை மூடி மறைத்தால் கேமரா இயங்காது. எதிரே இருப்பவருக்கான எச்சரிக்கை அது. ஆனால் நம் ஊர் வெயிலில் அந்தச் சிறிய வெளிச்சத்தை எத்தனை பேர் கவனிப்பார்கள்? விளக்கு எதற்கு என்று தெரிந்தவர்களும் குறைவு. 2024ல் ஹார்வர்ட் பல்கலைக்கழக மாணவர் இருவர், இந்தக் கண்ணாடியையும் முகம் தேடும் இணையதளம் ஒன்றையும் இணைத்து, வழியில் பார்க்கும் முன்பின் தெரியாதவரின் பெயரையும் பிற விவரங்களையும் எடுக்க முடியும் என்று செய்தே காட்டினார்கள். எச்சரிப்பதற்காகத்தான் செய்தார்கள், புரோகிராமை வெளியிடவில்லை.

கோவில்களில் கவனம் தேவை. தமிழகக் கோவில்களுக்குள் மொபைல் போனுக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2025ல் அயோத்தி ராமர் கோவிலிலும், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோவிலிலும் கேமரா கண்ணாடியுடன் வந்தவர்கள் பிடிபட்டார்கள். தேர்வு அறை, சாப்ட்வேர் நிறுவனங்கள், நீச்சல் குளம், மருத்துவமனை எங்கும் இதே கதைதான். எங்கள் அலுவலகத்தில் வாசலிலேயே வாங்கி வைத்து விடுவார்கள். பவர் லென்ஸ் போட்டவர் அங்கே கண்ணாடியைக் கொடுத்துவிட்டு எப்படி நடப்பார்? எனவே பையில் பழைய கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஒருவரின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம் என்பதைப் பள்ளி, கல்லூரி செல்லும் பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்கள் சொல்லியே கொடுக்க வேண்டும்.

உங்கள் தகவல்களும் வெளியே போகின்றன. 2025 ஏப்ரலில் மெட்டா தன் விதிகளை மாற்றியது. அதன்படி "ஹே மெட்டா" என்று அழைத்துப் பேசும் குரல் பதிவுகள் ஓராண்டு வரை சேமித்து வைக்கப்படலாம். சேமிக்கவே வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஆப்பின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று நாமே அழிக்க வேண்டும். குரல் அழைப்பையே நிறுத்தி வைக்கலாம்.

யாருக்கு இது தேவை?

கை இரண்டும் வேலையில் இருக்கும்போது படமெடுக்க வேண்டியவர்களுக்கு இது உதவும். சமையல் வீடியோ போடுபவர்கள், பைக்கைப் பழுது பார்த்துக் காட்டுபவர்கள் போன்றோர். மற்றபடி, கண்ணாடி செய்யும் ஏ.ஐ. வேலையைப் போன் கேமராவும் ஜெமினி, சாட்ஜிபிடி போன்ற ஆப்களும் இலவசமாகவே செய்கின்றன. பாக்கெட்டில் இருந்து போனை எடுக்கும் சிரமத்தை மிச்சப்படுத்த 30,000 ரூபாய் அதிகம் என்பது என் கருத்து.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் கணக்கு வேறு. ஒரு கையில் வெள்ளைக் கோல், மறு கையில் பை. போனைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. பஸ்ஸின் எண்ணையும் கடிதத்தையும் காதில் படித்துச் சொல்லும் கண்ணாடி அவர்களுக்கு அலங்காரப் பொருள் அல்ல. டென்மார்க்கில் தொடங்கப்பட்ட பி மை ஐஸ் என்ற சேவை, பார்வையற்றவரின் கேமராவில் தெரிவதை வீடியோ மூலம் ஒரு தன்னார்வலர் பார்த்து வழிகாட்ட உதவுகிறது. 2024 நவம்பரில் அது ரேபான் மெட்டாவிலும் சில நாடுகளில் தொடங்கியது. இங்கும் நாம் முன்பு சொன்னதை நினைவில் கொள்ளுங்கள்: எழுத்தைப் படிப்பதற்கு நம்பலாம், சாலையைக் கடப்பதற்குக் கோலுக்கு மாற்றாகக் கொள்ள முடியாது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், உடனே கண்ணாடி வாங்க ஓட வேண்டாம். பி மை ஐஸ் ஆப்பைப் போனில் இலவசமாக இறக்கி, கழுத்தில் ஒரு கயிற்றில் போனைத் தொங்கவிட்டு, ஒரு மாதம் பயன்படுத்தச் சொல்லுங்கள். எந்த நேரத்தில், எதற்காக அதைத் திறக்கிறார் என்று அவரையே குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்புடன் கடைக்குச் சென்றால், எதைச் சோதிக்க வேண்டும் என்று விற்பவருக்கே நீங்கள் சொல்லலாம்.