ஆஸ்பத்திரியை ஒளித்துவைத்த காடு

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஆஷ்ஃபோர்ட் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டுக்குள் ஒரு நீச்சல் குளம் இருக்கிறது. நல்ல கோடையிலும் அதன் தண்ணீரை வெதுவெதுப்பாகவே வைத்திருக்கிறார்கள். பார்ப்பவருக்குப் பணக்காரத்தனமாகத் தோன்றும். காரணம் வேறு. அங்கே குதித்து விளையாடும் பிள்ளைகளில் பலருக்கு அரிவாள் செல் ரத்தசோகை. வழுக்கிக்கொண்டு ஓட வேண்டிய சிவப்பணு அரிவாள் போல வளைந்துகொள்ளும் பரம்பரை நோய் அது. சில்லென்ற தண்ணீர் பட்டால் ரத்தக் குழாய்கள் சுருங்கும். வளைந்த அணுக்கள் ஒன்றோடொன்று சிக்கி வழியை அடைத்துக்கொள்ளும். எலும்புக்குள் கத்தியைச் செருகினாற்போல் வலி எடுக்கும். ஊரில் எந்தக் குளத்துக்குப் போனாலும் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே பழகிய பிள்ளை, இங்கே தண்ணீரைவிட்டு ஏற மாட்டேன் என்று அடம்பிடிக்கலாம்.

குளம் ஏன் சூடாக இருக்கிறது என்று அந்தப் பிள்ளை யோசிக்க வேண்டியதில்லை. யோசிப்பதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள். இந்த முகாமின் சூட்சுமமே அதுதான்: மருத்துவம் எங்கும் இருக்கும், கண்ணில் மட்டும் படாது.

முகாமின் பெயர் ஹோல் இன் த வால் கேங் கேம்ப். சுவரில் இருக்கும் ஓட்டைக்குள் ஒளிந்துகொள்ளும் கும்பலின் முகாம் என்று சொல்லலாம். தொடங்கியவர் ஹாலிவுட் நடிகர் பால் நியூமன். 1969இல் வெளிவந்த ‘புட்ச் கேசிடி அண்ட் த சன்டான்ஸ் கிட்’ படத்தில் அவர் ரயில் கொள்ளைக்காரராக நடித்தார். வயோமிங் மலைகளில் அந்தக் கொள்ளைக் கும்பல் போலீஸுக்குப் பயந்து பதுங்கிய இடத்துக்குத்தான் ‘ஹோல் இன் த வால்’ என்று பெயர். நோய் துரத்தும் பிள்ளைகளும் ஒரு வாரம் எங்காவது போய் ஒளிந்துகொள்ளட்டுமே என்பது நியூமனின் கணக்கு. அவர்கள் அங்கே சமர்த்தாக இருக்க வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. கொஞ்சம் ரகளை செய்ய ஓர் இடம் வேண்டும் என்றுதான் சொல்லிவந்தார்.

பணம் வந்த கதை இன்னும் வேடிக்கை. 1980 கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூமனும் அவருடைய நண்பரான எழுத்தாளர் ஏ. இ. ஹாட்ச்னரும் ஒரு தொட்டியில் எண்ணெயையும் வினிகரையும் ஊற்றி, படகுத் துடுப்பால் கலக்கி, காய்கறிப் பச்சடிக்கு ஊற்றும் டிரெஸ்ஸிங் செய்தார்கள். பழைய ஒயின் பாட்டில்களில் அடைத்து அக்கம்பக்கத்தாருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். 1982இல் அதுவே ‘நியூமன்ஸ் ஓன்’ என்ற கம்பெனி ஆனது. லாபம் மொத்தமும் தர்ம காரியத்துக்கு என்று முதலிலேயே முடிவு. அந்தப் பணத்தோடு சவூதி அரசர் தந்த 50 லட்சம் டாலரும் சேர, 1988 கோடையில் முகாம் திறந்தது. முதல் ஆண்டில் வந்த பிள்ளைகள் 288 பேர். ஒருவரிடமும் கட்டணம் வாங்கவில்லை. இன்றைக்கும் வாங்குவதில்லை.

மருத்துவப் பொறுப்பை ஏற்றவர் யேல் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ரத்தநோய் நிபுணர் ஹோவர்ட் பியர்சன். கௌபாய் படங்களில் வரும் பழைய ஊரைப் போல மரக் கட்டடங்களாகக் கட்டிய முகாமில், மருத்துவமனைக்கும் அதே வேஷம் போட்டார்கள். பெயர் ‘ஓகே கொரால்’. 1881இல் அரிசோனாவில் நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டையோடு சேர்த்துச் சொல்லப்படும் இடம் அது. “கீமோவுக்குப் போகிறேன்” என்பதற்கும் “ஓகே கொராலுக்குப் போய்விட்டு வருகிறேன்” என்பதற்கும் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் மனசில் எவ்வளவு தூரம் என்று நினைத்துப் பார்க்கலாம். ஊசியின் நீளம் என்னவோ ஒன்றுதான்.

இப்படிப்பட்ட முகாம்களை நியூமன்தான் கண்டுபிடித்தார் என்று சொல்வதற்கில்லை. விதை இன்சுலினோடு விழுந்தது. 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதுவரை சர்க்கரை நோய் வந்த குழந்தை என்றால் பெற்றோர் நாள் எண்ண வேண்டியதுதான். ஊசி வந்தபின் குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் சாப்பாட்டை அளந்து, ஊசியை நேரத்துக்குப் போட்டு வாழக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1925இல் மிச்சிகனில் லெனார்ட் வென்ட் என்ற மருத்துவர் அதற்காகவே ஒரு கோடை முகாம் நடத்தினார். சர்க்கரை நோய்ப் பிள்ளைகளுக்கான முதல் முகாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

புற்றுநோய் முகாம்கள் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. காரணம் எளியது: அதற்கு முன்னால் முகாமுக்கு வரும் அளவுக்குப் பிள்ளைகள் பிழைத்திருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இன்று பணக்கார நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் மீள்கிறார்கள். ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று வருடம் இழுக்கும். அந்த வருடங்களில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போயிருக்காது, மழையில் நனைந்திருக்காது, அம்மா இல்லாமல் ஓர் இரவுகூடத் தூங்கியிருக்காது. மருத்துவம் ஜெயித்ததால் முளைத்த பிரச்சினை இது. தோற்ற காலத்தில் இதைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

சரி, ஒளித்துவைப்பது எப்படி? நள்ளிரவில் சர்க்கரை நோய் முகாம் ஒன்றின் குடிலுக்குள் எட்டிப்பார்த்தால் தெரியும். பகல் முழுக்க ஓடிய பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கலாம். அதனால் இரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ டார்ச் விளக்கோடு ஒருவர் கட்டில் கட்டிலாக வருவார். போர்வைக்கு வெளியே ஒரு கை நீளும். விரல் நுனியில் சின்னக் குத்து. ஒரு சொட்டு ரத்தம். எண் குறைவாக இருந்தால் பாதித் தூக்கத்திலேயே கொஞ்சம் ஜூஸ். சில பிள்ளைகள் கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டிவிடுவார்கள். இப்போது பலருடைய உடம்பில் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சென்சார் ஒட்டியிருப்பதால் குத்து குறைந்திருக்கிறது. டார்ச் இன்னும் அணையவில்லை.

ஹீமோஃபிலியா பிள்ளைகளின் முகாமில் வேறு காட்சி. அடிபட்டால் ரத்தம் உறையாத நோய் அது. உறைய வைக்கும் மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும். வீட்டில் அம்மாவோ நர்ஸோதான் ஏற்றுவார்கள். முகாமில் பக்கத்துக் கட்டில்காரன், தன்னைவிட ஒரு வயது சின்னவன், தானே நரம்பைத் தேடிப் பிடித்து ஊசி போட்டுக்கொள்வதைப் பார்த்ததும் ரோஷம் வருகிறது. முதல்முறை தனக்குத் தானே போட்டுக்கொண்ட பிள்ளைக்கு எல்லார் முன்னாலும் கைதட்டும் பரிசும் உண்டு. டாக்டர் ஆறு மாதம் சொல்லிக் கேட்காததை ஒரு சிறுவன் ஆறு நிமிடத்தில் சாதித்துவிடுகிறான். மருத்துவர்களுக்கு இதில் கொஞ்சம் பொறாமைகூட இருக்கலாம்.

ஆஷ்ஃபோர்டில் முளைத்த நாற்றைப் பிறகு பல நாடுகளில் நட்டார்கள். 1994இல் அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் பாரெட்ஸ்டவுன் என்ற பழைய கோட்டையில் ஐரோப்பாவுக்கான முகாம் தொடங்கியது. அழகுசாதன வியாபாரத்தில் பேர்போன எலிசபெத் ஆர்டன் ஒருகாலத்தில் வாங்கி வைத்திருந்த கோட்டை. பின்னால் இன்னொரு தொழிலதிபர் கைக்குப் போய், அவர் அயர்லாந்து அரசுக்கே கொடுத்துவிட்டார். இத்தாலியில் டைனமோ கேம்ப், ஹங்கேரியில் பாடோர் டாபோர், ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒன்று என்று வரிசை நீண்டது. ‘சீரியஸ்ஃபன்’ என்ற பொதுப்பெயரில் இன்று ஏறக்குறைய 30 முகாம்களும் திட்டங்களும் இயங்குகின்றன. 2008இல் நியூமன் காலமானார்.

ஒரு வாரத்தில் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பாரெட்ஸ்டவுனுக்கு 15 ஐரோப்பிய நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளிடம் முகாமுக்கு முன்னும் பின்னும், சில மாதம் கழித்தும் கேள்விகள் கேட்டு ஆராய்ந்தார்கள். உடல் உபாதைகளைப் பிள்ளைகள் உணரும் விதத்தில் உடனடியாக மாற்றம் தெரிந்தது. மனநிலையில் வந்த மாற்றம் பிறகும் தங்கியது. எல்லா அளவுகோலிலும் முன்னேற்றம் என்று சொல்லும்படி இல்லை. முகாமைச் சஞ்சீவி மூலிகை போல விளம்பரப்படுத்துபவர்கள் இந்த ஆய்வை முழுசாகப் படிப்பது நல்லது. மருந்து மாத்திரையை அளப்பதுபோல் இதை அளக்க முடியாது என்பதும் உண்மை. முதல் நாள் கண்வரை இழுத்துவிட்ட தொப்பியோடு வந்த பிள்ளை மூன்றாம் நாள் மொட்டைத் தலையோடு சாப்பாட்டு மேசைக்கு வருவதை எந்தக் கட்டத்தில் டிக் செய்வது?

பிள்ளையை மட்டும் முகாமுக்கு அனுப்பினால் போதுமா என்று கேட்டது மேய்ன் மாநிலத்தின் கேம்ப் சன்ஷைன். செபாகோ ஏரிக்கரையில் விடுதி நடத்திவந்த ஒரு தம்பதி 1984இல் தொடங்கியது. 2001 முதல் காஸ்கோ என்ற ஊரில் அதற்கென்றே தனி வளாகம் இருக்கிறது. இங்கே அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என்று குடும்பமே வர வேண்டும். நோய் ஒருவருக்கு வந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் வந்ததுபோலத்தான். அதிலும் கூடப்பிறந்த பிள்ளையின் பாடு யார் கண்ணிலும் படாது. தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது பாட்டி வீட்டில் விடப்பட்டு, “நீயாவது தொந்தரவு பண்ணாதே” என்பதைக் கேட்டே வளர்ந்த அக்காவுக்கு, அதே வார்த்தையைக் கேட்டு வளர்ந்த இன்னொரு அக்கா இங்கே கிடைக்கிறாள்.

ஒவ்வொரு வாரத்தையும் ஒரு நோய்க்கு ஒதுக்குகிறார்கள். அபூர்வ நோய்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். ஃபான்கோனி ரத்தசோகை என்றால் பல டாக்டர்களே புத்தகத்தில் மட்டும் பார்த்திருப்பார்கள். அந்த நோய்க் குடும்பங்களின் கூட்டம் பல ஆண்டுகள் இங்கே நடந்தது. பிள்ளைகள் படகில் ஏறிப் போன நேரத்தில், ஒரு பக்கம் எலும்பு மஜ்ஜை மாற்று பற்றி ஆராய்ச்சியாளர்கள் பேச, பெற்றோர் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். தன் பிள்ளைக்கு இருப்பது இன்னொரு பிள்ளைக்கும் இருப்பதைச் சிலர் முதன்முதலாகக் கண்ணால் காண்பதே இந்த வளாகத்தில்தான்.

இதற்கும் பணம் வேண்டுமே. கேம்ப் சன்ஷைனுக்குப் பரங்கிக்காய் கைகொடுத்தது. 2006இல் பாஸ்டன் நகரப் பூங்காவில் 30,128 பரங்கிக்காய்களைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி வைத்து உலக சாதனை செய்தார்கள். திரண்ட நிதி முகாமுக்குப் போனது.

ஆஷ்ஃபோர்டுக்குச் சோதனை 2021 பிப்ரவரியில் வந்தது. முகாமின் நடுவில் இருந்த கைவினைக் கூடம், தச்சுக் கூடம், சமையல் பழகும் இடம் எல்லாம் ஓர் இரவில் எரிந்து போயின. ஆள் சேதம் இல்லை. கொரோனாவால் பிள்ளைகளை அழைக்க முடியாமல் முகாம்கள் கணினித் திரைக்கு மாறியிருந்த காலம் அது. பிரிட்டனின் ‘ஓவர் த வால்’ அமைப்பு, முகாமையே பெட்டியில் அடைத்து வீட்டுக்கு அனுப்பியது. ஆஷ்ஃபோர்டில் எரிந்த இடத்தில் பிறகு புதுக் கட்டடங்கள் எழும்பின.

கேம்ப் சன்ஷைனில் ஒரு வழக்கம் உண்டு. குடும்பங்கள் சின்னச் சின்னப் படகுகள் செய்து, வேண்டுதலை எழுதி, மெழுகுவர்த்தி ஏற்றித் தண்ணீரில் விடுவார்கள். ஆடிப்பெருக்கில் காவிரியில் விளக்கு விடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்களுக்கென்றும் அங்கே தனி வாரங்கள் உண்டு. முன்பு நான்கு பேராக வந்தவர்கள் மூன்று பேராக வந்து, அதே தண்ணீரில் இன்னொரு படகை விடுவார்கள்.