கல்யாணத்துக்கு 20 பேர், விருந்துக்கு ஊர்... செலவு கையைக் கடிக்காமல் காரைக்காலில் பார்ட்டி வைப்பது எப்படி?

பையனுக்கு பெங்களூருவில் ஐ.டி. வேலை. பொண்ணு சென்னையில். ‘20 பேரை வெச்சு சிம்பிளா முடிச்சுக்கலாம்’ என்று சொன்னதும், கோட்டுச்சேரியில் இருக்கும் அப்பாவிடமிருந்து வரும் பதில் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “சரிப்பா, ஆனா ஊர்ல என்ன சொல்றது? இருபது வருஷமா எல்லார் வீட்டுக்கும் போய் மொய் எழுதியிருக்கோமே!”

2011 கணக்கெடுப்பின்படி காரைக்கால் மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம்தான். அடுத்த தெருவில் நடப்பது அன்று மாலையே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் பலர் சின்னக் கல்யாணம் முடித்துவிட்டு, பிறகு தனியாக ஒரு விருந்து வைக்கலாம் என்று யோசிக்கிறார்கள். ஆனால், கொஞ்சம் அசந்தால் அந்த விருந்தே இன்னொரு ரிசப்ஷனாக மாறிவிடும். அதை எப்படித் தவிர்ப்பது?

சின்னக் கல்யாணம் செல்லுமா?

தாராளமாகச் செல்லும். சிறப்புத் திருமணச் சட்டம் கேட்பது 30 நாள் நோட்டீஸும் மூன்று சாட்சிகளும்தான். தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணங்கள் தொடர்பான வழக்கில், ஊரறிய நடத்தினால்தான் திருமணம் செல்லும் என்ற கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பளித்தது. குடும்ப எதிர்ப்போ ஆபத்தோ இருக்கும் ஜோடிகளால் எல்லோருக்கும் சொல்லித் திருமணம் செய்ய முடியாது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது.

அப்படின்னா கூட்டம், மேடை, பஃபே எதுவும் சட்டத்துக்குத் தேவையில்லை. அவை உறவுகளுக்காகத்தான். உறவுகளுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டால் பாதி செலவு அங்கேயே குறையும். ஜோடியைப் பார்க்க வேண்டும், ஒருவாய் சாப்பிட வேண்டும், மொய்யைத் திருப்பி எழுத வேண்டும். அவ்வளவுதான்.

பிரான்ஸில் எப்படிச் செய்கிறார்கள்?

காரைக்கால்காரர்கள் பலருக்கு பிரான்ஸில் சொந்தம் உண்டு. அங்கே ‘மேரி’ எனப்படும் நகராட்சி அலுவலகத்தில் நடப்பதுதான் சட்டப்படியான திருமணம். சர்ச் திருமணமெல்லாம் அதற்குப் பிறகுதான். அது முடிந்ததும் ‘வென் தொனர்’ என்றொரு சின்ன உபசாரம் இருக்கும். தெரிந்தவர்கள் எல்லோரும் வந்து ஒரு பானம், கொஞ்சம் நொறுக்குத் தீனியோடு வாழ்த்திவிட்டுக் கிளம்புவார்கள். இரவு விருந்து நெருங்கியவர்களுக்கு மட்டும்.

இதை நம்மூருக்கு அப்படியே பொருத்தலாம். மாலை 4 மணி முதல் 7 மணி வரை திறந்த வீடு மாதிரி வைத்துக்கொண்டால், வருகிறவர்கள் அவரவர் வசதிக்கு வந்து போவார்கள். 200 பேர் வந்தாலும் ஒரே நேரத்தில் 60, 70 பேர்தான் இருப்பார்கள். பெரிய மண்டபமோ 200 நாற்காலியோ தேவைப்படாது.

தேதியில்தான் பெரிய மிச்சம்

தாலி கட்டியாகிவிட்டது. அதனால் விருந்துக்கு முகூர்த்த நாள் தேவையில்லை. இதுதான் உங்களுக்குக் கிடைத்த பெரிய சலுகை. முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் மண்டபம், சமையல் மாஸ்டர், பூ எல்லாவற்றுக்கும் போட்டி குறைவு, பேரம் பேசலாம். ஆடி, மார்கழி வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னால் அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

உள்ளூர் காலண்டரையும் பாருங்கள். சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டம், ஆனியில் மாங்கனித் திருவிழா, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. இந்த நாட்களில் வெளியூர் நண்பர்களுக்கு லாட்ஜ் கிடைப்பது கஷ்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மொட்டை மாடி, கடற்கரை பிளான் எல்லாம் அப்போது வேண்டாம்.

இலைக் கணக்கு போடுங்கள்

சமையல் மாஸ்டர்கள் ‘இலைக்கு இவ்வளவு’ என்றுதான் விலை சொல்வார்கள். ஒரு உதாரணம்: முழுச் சாப்பாடு இலைக்கு 300 ரூபாய் என்றால் 200 பேருக்கு 60,000. அதே 200 பேருக்கு மாலை டிபன் தலைக்கு 120 ரூபாயில் முடிந்தால் 24,000. நெருங்கிய 40 பேருக்கு மட்டும் இரவில் இலை போட்டால் இன்னொரு 12,000. மொத்தம் 36,000. ரேட் இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கணக்கு போடும் முறை இதுதான்.

டிபனுக்கு காரைக்கால், நாகூர் பக்கத்துச் சுவையே போதும். இறால் வைத்த வாடா, சைவத்துக்கு மெதுவடை, இனிப்புக்கு தம்ரூட், ஃபில்டர் காபி. மீன் விருந்து யோசிப்பவர்கள் கவனிக்க: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாததால் மீன் விலை ஏறிவிடும்.

பிளாஸ்டிக் தட்டு, கப், ஸ்பூன், அலங்கார தெர்மாகோல் எல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. டெல்டாவில் வாழை இலைக்குப் பஞ்சமில்லை, பாக்குமட்டைத் தட்டும் இருக்கிறது.

இடம், பாட்டு, மைக்

வீட்டு வாசலில் பந்தல் போட்டால் வாடகை மிச்சம். மண்டபம் என்றால், ஜிஎஸ்டி பதிவு பெற்ற இடத்தில் வாடகைக்கு மேல் 18 சதவீத வரி வரும். ‘வரியோட சேர்த்து எவ்வளவு?’ என்று முதலிலேயே கேளுங்கள். கடற்கரையில் பந்தல், மைக் எல்லாம் அனுமதி இல்லாமல் திட்டமிட வேண்டாம்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதற்கு முன்பு வைப்பதற்கும் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். சினிமா பாட்டு போட்டால் ராயல்டி கட்டணுமா? திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்குக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு உண்டு. இதை மத்திய அரசு 2023 ஜூலையில் அறிவிப்பாகவே வெளியிட்டது.

பாட்டில் விஷயத்தில் உஷார்

காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாடு. நண்பர்கள் திரும்பிப் போகும்போது ‘சும்மா ரெண்டு பாட்டில்’ என்று காரில் எடுத்துப் போனால், எல்லைச் சோதனைச் சாவடியில் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தில் வழக்காகும் ஆபத்து உண்டு. உங்கள் விருந்துக்கு வந்த நண்பர் காரைப் பறிகொடுத்து நிற்கக் கூடாது. வாட்ஸ்அப் குரூப்பில் முன்பே சொல்லிவிடுங்கள். குடித்தவர் வண்டி ஓட்டாமல் இருக்க ஒரு வேன் பேசிவைப்பதும் பட்ஜெட்டில் சேர வேண்டும்.

மொய் வாங்கலாமா?

பத்திரிகையில் ‘அன்பளிப்பு வேண்டாம்’ என்று போடுவதற்கு முன் அப்பா அம்மாவிடம் பேசுங்கள். அவர்களுக்கு மொய் என்பது பல வருஷமாகப் போட்டுவைத்த சேமிப்பு மாதிரி. கொடுத்தவர்களுக்கும் திருப்பிச் செய்ய ஒரு நாள் வேண்டும். நண்பர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெற்றோரின் பழைய மொய் நோட்டில் இருப்பவர்களுக்காக ஒரு மேஜை போடலாம். திருமணத்தையொட்டி மணமக்களுக்குக் கிடைக்கும் அன்பளிப்புக்கு வருமான வரி இல்லை. ஆனால் ஒரே நபரிடமிருந்து 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது.

கூப்பிடும் விதம்

சின்னக் கல்யாணத்தில் உறவுகள் கோபப்படுவது சாப்பாட்டுக்காக இல்லை. ‘எங்களக் கூப்பிடவே இல்ல’ என்பதுதான் மனதில் தங்கும். ஃபார்வர்டில் வரும் கார்டை அத்தையும் தாய்மாமனும் அழைப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பே ஒருநாள் ஒதுக்கி, வெற்றிலை பாக்கோடு பெரியவர்கள் வீட்டுக்கு நேரில் போய் விஷயத்தைச் சொல்லுங்கள்: “கல்யாணத்த சின்னதா வெச்சிருக்கோம். அடுத்த மாசம் ஞாயித்துக்கிழமை நீங்க கண்டிப்பா வந்து வாழ்த்தணும்.”

பெட்ரோல் காசு மட்டும்தான் செலவு. மற்ற உறவுகளிடம் உங்களுக்காகப் பேசப்போவது அந்த அத்தைதான்.