மரத்தினுள் உறையும் மருந்து

மரத்தைக் காணும் நாம் அதன் கிளையையும் இலையையும் பூவையும் காயையுமே காண்கிறோம். அம்மரத்தினுள்ளும் சில உயிர்கள் குடியிருத்தலை எண்ணிப் பார்ப்பதில்லை. தண்டினுள்ளும் இலையினுள்ளும், மரத்திற்கு நோய் செய்யாமல் வாழும் நுண்ணிய பூஞ்சைகள் பல உண்டு. அவற்றை உள்வாழ் பூஞ்சைகள் என்பர். அவற்றுள் ஒன்றன் வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இலவங்கப்பட்டை தரும் மரம் இலங்கையைத் தாயகமாகக் கொண்டது; வேற்று நாடுகளிலும் கொண்டு சென்று நடப்பெற்றது. நடு அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் நாட்டில் வளர்ந்த அத்தகைய மரம் ஒன்றன் சிறு கிளைகளை, அமெரிக்காவின் மான்டானா மாநிலப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த காரி ஸ்ட்ரோபெல் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்தனர். கிளையின் மேற்புறத்தைத் தூய்மை செய்து, பட்டையை நீக்கி, உட்பகுதியைச் சிறு துண்டுகளாக்கி உணவுக்கூழின்மேல் வைத்தனர். உள்ளே உறைந்த பூஞ்சைகள் வெளிப்பட்டு வளர்ந்தன.

இத்தகைய பூஞ்சைகளைச் சிற்றுண்ணிகள் தாக்குவதுண்டு. ஆதலின், பூஞ்சைத் தட்டுகளை எல்லாம் ஒரு பெரிய பெட்டியினுள் வைத்து மூடினர். சின்னாளில் ஏனைய பூஞ்சைகளின் வளர்ச்சி நின்றது. ஒன்று மட்டும் செழித்திருந்தது. காரணம் யாது? அப்பூஞ்சை வெளியிட்ட ஆவி காற்றிற் கலந்து ஏனையவற்றைத் தாக்கியது. தொடாமலே பகையை வெல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது! அதற்கு ‘மஸ்கோடர் ஆல்பஸ்’ எனப் பெயரிட்டு, 2001-ஆம் ஆண்டில் தம் ஆய்வை வெளியிட்டனர்.

அவ்வாவியில் குறைந்தது 28 பொருள்கள் இருந்தன. ஆல்கஹால், எஸ்டர், கீட்டோன், அமிலம், கொழுப்பு என அவற்றை ஐவகைப்படுத்தினர். தனித்தனியே சோதித்தபோது ஒவ்வொரு வகையும் நுண்ணுயிர்களின் வளர்ச்சியை ஓரளவே தடுத்தது. எதுவும் அவற்றைக் கொல்லவில்லை. எல்லாம் ஒருங்கு கலந்தபோதோ, பயிர்க்கும் மனிதர்க்கும் நோய் விளைக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் பல மடிந்தன. தனிமரம் தோப்பாகாது என்னும் பழமொழியின் உண்மை இங்கும் விளங்குகின்றதன்றோ? பறித்த பழங்களை அழுகாமற் காத்தற்கு இப்பூஞ்சை பயன்படுமா என்றும் பின்னர் ஆராய்ந்தனர்.

மாணவர்களே, பழைய மருந்துகளை எதிர்த்து நிற்கும் கிருமிகள் இன்று பெருகி வருகின்றன. புதிய மருந்துகளைத் தேடுதல் இன்றியமையாததாகும். ஒரு மரவினம் அழிந்தால், அதனுள் உறையும் உயிர்களும், அவை ஆக்கும் பொருள்களும் நாம் அறியுமுன்னரே அழிந்துபோகக் கூடும். ஆதலின், காட்டைக் காத்தல் நிழலையும் மழையையும் காத்தல் மட்டுமன்று. நாளைய மருந்தைக் காத்தலுமாகும்.