முயல் வளர்க்க இறங்குமுன் ஒரு நோட்டு வாங்குங்கள்

(பண்ணை ஒலிபரப்பில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



முயல் வளர்க்கலாமா என்று கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் வருகிறார்கள். "ஐயா, ஒரு பெட்டை முயல் மாசம் ஒரு ஈத்து போடும். ஈத்துக்கு எட்டுக் குட்டி. வருசத்துக்கு 96 குட்டி. பத்துப் பெட்டை வாங்கினா ஆயிரத்தை நெருங்கிடும். சரிதானுங்களே?" என்பார்கள். காகிதத்தில் சரிதான். கூண்டில் அது சரிவராது. ஏன் சரிவராது, புதிதாகத் தொடங்குகிறவர் முதல் வருடத்தை எப்படித் திட்டமிட வேண்டும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

விலையை முதலில் விசாரியுங்கள்

கூண்டு வாங்குவதற்கு முன்னால், முயல் வாங்குவதற்கு முன்னால், ஒரு நாள் பக்கத்து டவுனுக்குப் போய் வாருங்கள். கறிக்கடை, ஓட்டல், சந்தை மூன்றிலும் கேளுங்கள். "முயல் வாங்குவீங்களா? உயிர் எடைக்குக் கிலோ என்ன தருவீங்க? வாரத்துக்கு எத்தனை வேணும்?" இந்த மூன்று கேள்விக்கும் பதில் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், முயலுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று கறி விலை. மற்றொன்று, வளர்ப்பதற்காக வாங்குகிறவர் கொடுக்கும் ஜோடி விலை. ஜோடி விலை எப்போதும் கவர்ச்சியாகத்தான் இருக்கும். ஆனால் அது புதிதாக ஆட்கள் சேரும்வரைதான் நிற்கும்.

2012-ஆம் ஆண்டு ஈரோடு வட்டாரத்தில் ஈமு கோழி விவகாரத்தில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குஞ்சு வாங்கினால் மாதாமாதம் பணம், திரும்ப நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்ன நிறுவனங்கள் கதவைச் சாத்தின. நகை அடகு வைத்துப் பணம் கட்டியவர்கள் புகார் மனுவோடு அலைந்தார்கள். தீனி வைக்க ஆளில்லாமல் பறவைகள் பட்டினி கிடந்தன. காரணம் என்ன? ஈமு கறியைத் தேடி வாங்குகிறவர் ஊரில் இல்லை. ஒரு பண்ணைக்காரர் இன்னொருவருக்குக் குஞ்சு விற்றதுதான் வியாபாரம்.

முயலும் அப்படி ஆகாமல் இருக்க ஒரே வழி, கறி விலையை வைத்துக் கணக்குப் போடுவது. கறி விலையில் கட்டுபடியானால் இறங்குங்கள். ஜோடி விலையில் நாலு முயல் போனால் அது மேல்வரும்படி என்று வைத்துக்கொள்ளுங்கள். "குட்டியை நாங்களே எடுத்துக்கிறோம்" என்று சொல்லி அதிக விலைக்கு ஜோடி தருகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

ஒரு ஆண், நாலு பெட்டை

புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு ஆண் முயல், நாலு பெட்டை முயல் போதும். ஓர் ஆண் முயல் எட்டுப் பத்துப் பெட்டையைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் வருடம் உங்களுக்குப் படிப்பு. தவறு நடந்தால் சின்னதாக நடக்கட்டும்.

முடிந்தால் பக்கத்துத் தோட்டக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வேறு பண்ணையில் ஒரு ஆணும் சில பெட்டையும் வாங்கட்டும். உங்கள் ஆண் செத்துப்போனால் பண்ணை படுத்துவிடாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் நாட்டில் கறிக்காக வளர்க்கும் இனங்களில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை ஆகியவை பெயர்பெற்றவை. நீலகிரி மாவட்டம் சாண்டிநல்லாவில் உள்ள செம்மறி ஆடு இனவிருத்தி ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையத்திலும் முயல் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நம்பகமான பண்ணையில் மூன்று முதல் ஐந்து மாதக் குட்டிகளாக வாங்குங்கள். பெரிய முயலாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டால், குட்டி போட்டு ஓய்ந்த கழிவு முயலைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். காதின் உட்புறத்தில் பொருக்கு இருந்தால் சொறி. முன்னங்காலின் உள்பக்க முடி ஒட்டிப்போயிருந்தால் சளி. மூக்கைத் துடைத்துத் துடைத்து அப்படி ஆகியிருக்கும். உதட்டை விலக்கிப் பல்லைப் பாருங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல் கோணியிருந்தால் வேண்டாம். அந்தக் குறை குட்டிகளுக்கும் போகலாம். ஆணா பெட்டையா என்று விற்பவரை உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள். ஜோடி என்று வாங்கி வந்து, ஆறு மாதம் தீனி போட்ட பிறகு இரண்டும் ஆண் என்று தெரிந்துகொண்டவர்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. காட்டு முயலைப் பிடித்து வந்து வளர்ப்பு முயலோடு சேர்க்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். காட்டு முயலைப் பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அது போக, இரண்டும் சேர்ந்து குட்டி போடாது. நம் காட்டு முயல் வேறு இனம். அதன் உடலில் குரோமோசோம் 48, வளர்ப்பு முயலுக்கு 44.

நிறம் ஏமாற்றும், எடை ஏமாற்றாது

வெள்ளை முயலையும் சாம்பல் நிற முயலையும் சேர்த்த ஒருவர், "எல்லாக் குட்டியும் சாம்பலாப் போச்சு, வெள்ளை ரத்தம் எங்கே போச்சுங்க?" என்று கேட்டார். எங்கேயும் போகவில்லை. ஒவ்வொரு குட்டியும் நிறத்துக்குத் தாயிடமிருந்து ஒரு விதை, தகப்பனிடமிருந்து ஒரு விதை வாங்குகிறது. வெள்ளை விதை கூச்சமுள்ளது. நிற விதை பக்கத்தில் இருந்தால் மறைந்து நிற்கும். இரண்டு வெள்ளை விதையும் ஒரே குட்டியில் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். அப்படிப்பட்ட சாம்பல் கலப்பு முயல்கள் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நாலு குட்டியில் ஒன்று வெள்ளையாகப் பிறக்கும். வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் எல்லாம் வெள்ளைதான்.

ஆனால் கறிக்கடைக்காரர் தோலின் நிறத்துக்கு ஒரு பைசா தரமாட்டார். தராசு என்ன சொல்கிறதோ அதற்குத்தான் பணம். ஆகவே நிறத்தை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்: தாய் எத்தனை குட்டியைக் காப்பாற்றிப் பால் மறக்க வைத்தது, மூன்று மாதத்தில் குட்டி என்ன எடை வந்தது, தாய் சாதுவா முரடா.

நிறம் மறைந்து நிற்பது போலவே கெட்ட குணங்களும் மறைந்து நிற்கும். நெருங்கிய சொந்தத்தில் சேர்த்தால் அவை வெளியே வரும். தகப்பனுக்கு மகளையும், அண்ணனுக்குத் தங்கையையும் சேர்த்தால் ஈத்துக்குக் குட்டி எண்ணிக்கை குறையும், நோஞ்சானாகப் பிறக்கும், சாவும் கூடும். முதல் வருடம் தெரியாது. இரண்டாம் வருடம், "என்னமோ முந்தி மாதிரி இல்லைங்க" என்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரரைச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான். உங்கள் மகள் முயல்கள் வளர்ந்ததும் அவருடைய ஆணை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுடையதை அவருக்குக் கொடுங்கள். செலவில்லாமல் ரத்தம் மாறிவிடும்.

நாள் கணக்கு

பெட்டை ஐந்தாறு மாதத்திலும், ஆண் ஏழெட்டு மாதத்திலும் இணைசேரத் தயாராகும். பெரிய இனமென்றால் பெட்டைக்கும் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். காலையிலோ மாலையிலோ பெட்டையை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணைப் பெட்டையின் கூண்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. தன் இடத்துக்கு வந்தவனைக் கடித்து விரட்டும். பெட்டையின் அறை சிவந்து தடித்திருந்தால் ஏற்றுக்கொள்ளும். வெளுத்திருந்தால் மறுநாள் பாருங்கள். சேர்ந்ததும் ஆண் பக்கவாட்டில் சாய்ந்து விழும். அதுதான் அடையாளம். மாட்டைப் போல முயலுக்குக் கருமுட்டை தானாக வெளிப்படாது. இணைசேர்ந்து சுமார் பத்து மணி நேரம் கழித்துத்தான் வெளிப்படும்.

14-ஆம் நாள் வயிற்றை மெதுவாகத் தடவிப் பார்த்தால் கோலிக்குண்டு போல் உருளும். இதைப் பழகியவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அழுத்தினால் கரு கலையும். 28-ஆம் நாள் குட்டி போடும் பெட்டியை வைத்து, உள்ளே காய்ந்த வைக்கோல் அல்லது தேங்காய் நார் போடுங்கள். தாய் தன் நெஞ்சு முடியைப் பிடுங்கி மெத்தை போடும். 31-ஆம் நாள் வாக்கில், பெரும்பாலும் இரவில், குட்டி போடும். குட்டிக்கு அப்போது முடியும் இல்லை, கண்ணும் திறக்காது. பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறக்கும்.

தாய் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். மற்ற நேரம் குட்டிப் பக்கமே போகாது. இதைப் பார்த்து, "தாய் ஒதுக்கிடுச்சு" என்று பயந்து குட்டியை எடுத்துப் புட்டிப் பால் கொடுக்கிறவர்கள் உண்டு. வேண்டாம். காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு பால் வெள்ளையாகத் தெரிந்தால் எல்லாம் நலம்.

இன்னொரு யோசனை. இரண்டு பெட்டையை ஒரே நாளில் சேருங்கள். ஒன்று பத்துக் குட்டியும் இன்னொன்று நாலும் போட்டால், முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மூன்று குட்டியை எடுத்து அதில் வைத்துவிடலாம். தாய்க்குப் பெரும்பாலும் எட்டுக் காம்புதான். பத்தில் நோஞ்சானாகச் சாகவேண்டிய குட்டி அங்கே பிழைத்துக்கொள்ளும்.

ஐந்து வாரத்தில் குட்டியைப் பிரியுங்கள். குட்டி போட்டு நாலு வாரம் கழித்துத் தாயை மறுபடி சேர்க்கலாம். ஆக, ஒரு சுற்றுக்கு இரண்டு மாதம். மாதம் ஒரு ஈத்து என்பது தாயைச் சாகடிக்கும் கணக்கு.

வெயில் வந்தால் ஓய்வு

சமவெளியில் சித்திரை, வைகாசி வெயிலில் முயல் திணறும். வெப்பம் 30 டிகிரிக்கு மேல் பல நாள் நீடித்தால் ஆண் முயலின் விந்து கெடும். வெயில் தணிந்த பிறகும் சரியாக ஒன்றரை இரண்டு மாதம் ஆகும். ஆகவே கோடையில் இணைசேர்க்காதீர்கள். கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருக்கட்டும். மேலே ஓலை வேயுங்கள். பக்கத்தில் நனைத்த சாக்குத் தொங்கட்டும். தண்ணீர் எந்நேரமும் இருக்கட்டும்.

இந்த ஓய்வைக் கழித்தால் வருடத்துக்கு நாலு ஈத்துதான். ஈத்துக்கு ஐந்து குட்டி விற்பனைக்கு வந்தால் நல்ல பராமரிப்பு. ஒரு பெட்டைக்கு 20, நாலு பெட்டைக்கு 80. எங்கே 96, எங்கே 20!

தீவனக் கணக்கு

80 குட்டியும் மூன்று மாதத்தில் 2 கிலோ வந்தால் மொத்தம் 160 கிலோ உயிர் எடை. இதற்கு அடர்தீவனம் எவ்வளவு? பெரிய முயல் ஐந்துக்கும் நாளுக்கு 120 கிராம் வீதம் வருடத்துக்குச் சுமார் 220 கிலோ. பால் கொடுக்கும் தாய்க்குக் கூடுதலாக 60 கிலோ. பால் மறந்த குட்டிக்குத் தலைக்கு நாலரைக் கிலோ வீதம் 360 கிலோ. ஆக 640 கிலோ. ஒரு கிலோ உயிர் எடைக்கு நாலு கிலோ தீவனம் என்று ஆகிறது.

இப்போது முதல் பக்கத்தைத் திருப்புங்கள். நாலு கிலோ தீவனத்தின் விலை, உயிர் எடை ஒரு கிலோ விலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. ஓர் உதாரணத்துக்கு, தீவனம் கிலோ 30 ரூபாய் என்றால் நாலு கிலோவுக்கு 120. கடைக்காரர் 180-க்குக் கீழே கேட்டால் இறங்க வேண்டாம், அல்லது தீவனச் செலவைக் குறைக்க வேண்டும். குறைக்க வழி உங்கள் வரப்பிலேயே இருக்கிறது. வேலிமசால், குதிரைமசால், அகத்தி, கல்யாண முருங்கை ஆகியவை முயலுக்கு நல்ல தீனி. முயல்மசால் என்று பெயரே இருக்கிறதே! ஈரத்தோடு போடாமல் வாட விட்டுப் போடுங்கள். முயல் இரவில் அதிகம் தின்னும்; ஆகவே மாலைத் தீனி கூடுதலாக இருக்கட்டும்.

குட்டிகள் வயிறு கழிந்து சோர்ந்தாலோ, காதைச் சொறிந்தாலோ அன்றே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். கூண்டின் அடிப்பக்கம் கம்பி வலையாக இருந்து புழுக்கை கீழே விழுந்தால் பாதி நோய் அண்டாது.

நோட்டுதான் முதலாளி

ஒவ்வொரு பெட்டைக்கும் ஒரு பக்கம். சேர்த்த நாள், எந்த ஆண், போட்ட நாள், பிறந்தது எத்தனை, பால் மறந்தது எத்தனை, மூன்று மாத எடை, விற்ற விலை. வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதட்டும். ஆனால் விற்கிற குட்டிக்குப் பெயர் வைக்க விடாதீர்கள். பிறகு சந்தைக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள்!

வருடக் கடைசியில் நோட்டு பேசும். நாலு பெட்டையில் ஒன்று கட்டாயம் மற்றவற்றைவிடப் பின்தங்கி நிற்கும், அதைக் கழியுங்கள். முந்தி நிற்பதன் மகளை வைத்துக்கொள்ளுங்கள். கையில் காசு மிஞ்சியிருந்தால் நாலை எட்டாக்குங்கள். மிஞ்சவில்லையென்றால், நாலு பெட்டையோடு போனது. வீடும் நகையும் தப்பின.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று பெரியவர்கள் சொன்னது வீட்டுக்கு மட்டுமல்ல, முயல் கூண்டுக்கும்தான்.