சண்டிக் குதிரை அல்ல!

துப்பாக்கியின் விசைக்குக் 'குதிரை' என்று பெயர் வைத்த புண்ணியவான், பழைய பட்டாளத்து ரைஃபிளைத் தொட்டிருக்கமாட்டார். இழுத்தால் அது வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. பிறகு ஓரிடத்தில் முரண்டு பிடித்து நிற்கிறது. "தேய்ந்துபோன சாமான்" என்று எண்ணுகிறவர்கள் அநேகம்.

இதில் இல்லத்தரசிகளுக்கு என்ன வேலை என்கிறீர்களா? தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரத்தில் தோட்டமும், உரிமத்தோடு ஒரு .315 ரைஃபிளும் உள்ள வீடானால், நிரம்ப வேலை உண்டு. "ஓசூரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? அரை மணியில் ராவிக்கொண்டு வருகிறேன்" என்று வீட்டுக்காரர் கிளம்பினால், வாசலிலேயே மறியுங்கள்.

இந்த .315, பட்டாளத்து .303 லீ-என்ஃபீல்டின் தங்கை. வங்காளத்து இஷாப்பூரில் பிறந்தது. அக்காளோ இரண்டு உலக யுத்தங்களையும் பார்த்தவள். உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 குடியரசு தினத்தன்றுதான் அவளுக்கு விடை கொடுத்தார்கள்!

அந்த நீண்ட இழுப்பு வேண்டுமென்றே வைத்தது. சுடும் ஊசியை ஒரு கொக்கி பிடித்துக்கொண்டிருக்கிறது. குதிரையின் தலையில் இரண்டு சிறு புடைப்புகள். முதல் புடைப்பு, ஒன்றரை கிலோ சுமைக்கே இணங்கி, கொக்கியை நெடுந்தூரம் இறக்கிவிடுகிறது. அடுத்தது முட்டும்போது இரண்டரை கிலோவுக்கு மேல் கேட்கிறது. கொக்கி அத்தனை ஆழமாகப் பற்றியிருப்பதால்தான், ஜீப் குலுங்கினாலும், சுவரில் சாத்தியது சரிந்தாலும் தோட்டா புறப்படுவதில்லை. ராவிவிட்டாலோ பிடிப்பு மயிரிழைதான். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அது வேண்டவே வேண்டாம். போதாததற்கு, உரிமம் இல்லாத பட்டறைக்காரர் துப்பாக்கியைப் பழுது பார்ப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

வழி விரலில் இருக்கிறது. குறி பார்க்கும்போதே முதல் இழுப்பை முடித்து, முட்டுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஊசியில் நூல் கோக்கிறபோது நாம் செய்வதுபோல், மூச்சைப் பாதி விட்டு அடக்கி, அங்கிருந்து மெல்ல மெல்ல அழுத்த வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் குழல் விலகிவிடும். பால் கறந்து பழகிய விரலுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை!

பழகுவதற்குத் தோட்டாவே வேண்டாம். அறை காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்து, ஆளில்லாத மண்மேட்டைக் குறிவைத்து, குழல் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கச் சொல்லுங்கள். 'டிக்' என்ற பிறகும் நாணயம் விழாமல் இருந்தால் விரல் பழகிவிட்டது. விழுந்தால், பொறுக்கி வைத்து மறுபடியும்.