பனி தோண்டிய ஏரியும் முன்னோர் கட்டிய கண்மாயும்

வட அமெரிக்காவின் ஐம்பெரும் நன்னீர் ஏரிகளைத் தோண்டியது எது தெரியுமா? அல்லாஹ்வின் நாட்டப்படி, பனியே! கிலோமீட்டர் கணக்கில் கனத்த பனிப்பாளங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் மெல்ல நகர்ந்து பாறையைச் சுரண்டின. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முன் அவை உருகிப் பின்வாங்கவே, பள்ளங்களில் நீர் நிறைந்தது. சுப்பீரியர் ஏரியின் ஆழம் 400 மீட்டரையும் தாண்டும்.

நம் புதுக்கோட்டைச் சீமையிலோ பனியுமில்லை, வற்றாத ஆறுமில்லை. ஆகவே முன்னோர் சரிவான நிலத்தில் கரையெழுப்பி மழைநீரைத் தேக்கினர். கவிநாட்டுக் கண்மாய் போன்ற ஆயிரக்கணக்கான நீர்நிலைகள் இவ்வாறே தோன்றின. மடைகளின் குமிழிக் கற்கள் சிலவற்றில் அமைத்தோரின் பெயர்களை இன்றும் காணலாம்.

பனி தோண்டிய ஆழம் எளிதில் தூராது. ஆழமற்ற கண்மாயோ, வரத்துவாரி அடைபட்டாலே வறண்டுவிடும். வுளூவிலும் நீரை விரயம் செய்யலாகாது எனக் கற்ற நாம், வரத்துவாரியில் குப்பை கொட்டலாமா? சிந்திப்பீர்!