ஐந்து நட்சத்திர ஜீப்பும் பசறை வளைவும்

நட்சத்திரம் பார்த்து மணம் பேசுவது நம்மவர்க்குப் பழக்கம். இப்பொழுதோ நட்சத்திரம் பார்த்து மோட்டார் வண்டியும் வாங்கத் தொடங்கியிருக்கிறோம். 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டபின், குடும்பத்துக்கு ஒரு ஜீப் வாங்க விரும்பும் பதுளை அன்பர்கள், "எத்தனை நட்சத்திரம்?" என்று கேட்பதில் வியப்பில்லை.

இந்த நட்சத்திரங்கள் பிறக்கும் இடம் சோதனைக்கூடம். புத்தம் புதிய வண்டியொன்றை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் செலுத்தி, அதன் முகப்பில் நூற்றுக்கு நாற்பது பங்கு மட்டும் படும்படி, நசுங்கும் தடுப்பொன்றின்மீது மோதவிடுகிறார்கள். உள்ளே அமர்ந்திருப்பவை கருவிகள் பொருத்திய பொம்மைகள். அவற்றின் தலைக்கும் மார்புக்கும் நேர்ந்ததை அளந்தே நட்சத்திரம் வழங்கப்படுகிறது.

64 கிலோமீற்றர் என்றால் அற்பமாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்த்தால், 53 அடி உயரத்திலிருந்து விழுந்து தரையில் மோதும் வேகமும் அதுவே! ஊவா மலைவீதிகளில் 53 அடி ஓர் ஆழமா? 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டையிலே பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து பதினான்கு பேருக்குக் குறையாமல் மாண்டதை நாம் மறக்கவில்லை. 2025 செப்டெம்பர் 4 இரவு, எல்ல–வெல்லவாய வீதியில், தங்காலை நகரசபை ஊழியர்கள் சென்ற பஸ் எதிரே வந்த ஜீப்பில் மோதிப் பள்ளத்தில் பாய்ந்தது. 15 உயிர்கள் போயின. சோதனைக்கூடத்திலோ பள்ளம் இல்லை.

அப்படியாயின் நட்சத்திரம் வீணா? அன்று. நசுங்காத கூண்டு உருளும்போதும் உதவும். ஈர வளைவில் வண்டி சறுக்கினால், சில்லுகளுக்குத் தனித்தனியே பிரேக் கொடுத்து நேராக்கும் கருவியொன்றும் உண்டு. மலைநாட்டவர் முதலில் விசாரிக்க வேண்டியது அதனையே. ஆயினும், சோதனைப் பொம்மைகள் யாவும் ஆசனப்பட்டி அணிந்தவை என்பதை மறத்தலாகாது. பட்டியில்லாதவர் உருளும் வண்டியிலிருந்து வெளியே எறியப்படுவார். 1959 இல் வொல்வோ நிறுவனத்தின் நில்ஸ் போலின் அமைத்த மும்முனைப் பட்டியை ஏனைய நிறுவனங்களும் பயன்படுத்த அந்நிறுவனம் இடமளித்தது. அதைப் பூட்ட நமக்குத்தான் சோம்பல்!

குழந்தைகளுக்கு நட்சத்திரம் வேறு. டாட்டா நெக்ஸன் 2018 இல் பெரியவர் பாதுகாப்புக்கு ஐந்தும் குழந்தைகளுக்கு மூன்றும் பெற்றது. 2024 இல்தான் இரண்டிலும் ஐந்து. அதுவும் குழந்தை ஆசனத்தில் இருத்திச் செய்த சோதனை. தாய்மடியில் இருக்கும் பத்துக் கிலோ பிள்ளை, இத்தகைய மோதலில் முந்நூறு கிலோ பாரம்போல் முன்னே பாயக்கூடும். ஒரு பெண் இரண்டு வாரத்துக்கு மேலாகப் பறிக்கும் கொழுந்தின் எடை அது. எந்தக் கை தாங்கும்?

பழைய வண்டி வாங்குவோருக்கு ஒரு சொல். ஒரே பெயருடைய வண்டி ஒரு நாட்டுக்கு ஆறு காற்றுப்பைகளோடும், வேறொரு நாட்டுக்கு இரண்டோடும் செல்வதுண்டு. சோதித்த வண்டியும் வாங்கும் வண்டியும் ஒன்றா எனக் கேளுங்கள். பின்னாசன உறைக்கு அடியிலும் கைவிட்டுப் பாருங்கள். பட்டிகள் பல வண்டிகளில் அங்கேதான் புதைந்து கிடக்கின்றன.